அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புவது எப்படி: ஒரு டெமி புத்தகத்தை முன்வைத்து

160 பக்கச் சிறுகதைத் தொகுப்பு. டெமி 1/8 அளவு. உள்பக்கங்கள் ஒற்றை நிறம், ரேப்பர் (அதாவது அட்டை) நான்கு நிறம், பெர்ஃபெக்ட் பைண்டிங் (தாள்களின் ஓரத்தைப் பசையால் ஒட்டும் முறை), 500 பிரதிகள். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு புத்தகத்தை வைத்தே பேசப்போகிறேன். விழா மலர், நோட்டீஸ், பத்திரிகை எதுவானாலும் வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

பிறர் அனுப்பும் கோப்புகளைப் பிளேட் (அச்சுத் தகடு) போடுவதற்கு முன் திறந்து பார்ப்பது என் வேலை. புதியவர்கள் தடுமாறும்போது, மென்பொருள் தெரியவில்லை என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை, முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்பதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். ரேப்பரை வரைந்து முகநூலில் போட்டு வாழ்த்தும் வாங்கியபிறகு, "புத்தகத்தின் முதுகு எத்தனை மில்லிமீட்டர் வைக்கலாம்?" என்று கேட்பவர்கள் உண்டு.

1. கோப்பைத் திறப்பதற்கு முன் அச்சகத்தாரிடம் பேசுங்கள்

ஒரு தாளில் இவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வெட்டியபின் புத்தகத்தின் சரியான அளவு, உள்பக்கப் பேப்பரின் வகையும் ஜி.எஸ்.எம்.மும் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை), ரேப்பர் போர்டின் ஜி.எஸ்.எம்., லேமினேஷன் (அட்டை மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) பளபளப்பா மேட்டா, ப்ளீட் (வெட்டுக் கோட்டைத் தாண்டி நீட்டும் பகுதி) எவ்வளவு, எந்த வகை பி.டி.எஃப். வேண்டும், ஒரு ஃபாரத்துக்கு (ஒரு தாளை அச்சிட்டு மடித்தால் வரும் கட்டுக்கு) எத்தனை பக்கம்.

"டெமி" என்று மட்டும் சொன்னால் போதாது. ஒருவர் 14 × 21.5 செ.மீ. என்பார், இன்னொருவர் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம் என்பார். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலே ரேப்பர் படம் நகர்ந்துவிடும். நம் புத்தகத்துக்கு 140 × 215 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

பேப்பரை இப்போதே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதுகின் தடிமன், படங்களின் அடர்த்தி, நிறத்தின் அளவு எல்லாம் பேப்பரைப் பொறுத்தவை. நம் புத்தகத்துக்கு 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ (மேற்பூச்சு இல்லாத புத்தகப் பேப்பர்), ரேப்பருக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு (பூச்சுள்ள வழவழப்பான அட்டை).

காலத்தையும் கேளுங்கள். ஆடிப்பெருக்குக்குப் பிறகு சிவகாசி அச்சகங்கள் காலண்டர் வேலையில் இறங்கிவிடும். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய நவம்பர், டிசம்பரில் சென்னையில் எந்த இயந்திரமும் சும்மா இருக்காது. அந்தக் காலத்தில் அனுப்பும் கோப்பில் பிழை இருந்தால், திருத்தி அனுப்பும்போது உங்கள் முறை போய்விட்டிருக்கும்.

பிரதிகள் 200, 300 என்றால் டிஜிட்டல் பிரிண்டிங் மலிவாக வருமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்போதும் கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை பொருந்தும்.

2. மெய்ப்பு முடியாமல் லேஅவுட்டைத் தொடாதீர்கள்

லேஅவுட் (பக்க வடிவமைப்பு) முடிந்தபிறகு ஒரு பத்தியை நீக்கினால் அந்தக் கதையின் கடைசி வரிகள் முந்தைய பக்கத்துக்கு ஏறும். அடுத்த கதை வலப்பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று நீங்கள் வைத்திருந்த ஏற்பாடு குலையும். பொருளடக்கத்தின் எண்களும் மாறும்.

எனவே மெய்ப்பை (பிழை திருத்தத்தை) வேர்ட் கோப்பிலேயே இரண்டு முறை பார்த்து முடித்துவிடுங்கள். லேஅவுட்டுக்குப் பின் பார்க்கும் மெய்ப்பு ஒற்றுப் பிழைக்கும் வரி உடைவுக்கும் மட்டுமே. எழுத்தாளருக்கு அப்போதுதான் புதிய முடிவு ஒன்று தோன்றும். அவரிடம் அன்பாக மறுத்துவிட வேண்டும்.

3. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள்

தமிழில் நேரத்தை அதிகம் தின்னும் படி இதுதான். எழுத்தாளர்கள் இன்னும் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுப் புத்தகமும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

மாற்றும் மென்பொருளில் இட்டு யூனிகோடாக (எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடாக) மாற்றுவதற்கு முன், கோப்பில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் இணைய முகவரிகளையும் தனியே குறித்துவையுங்கள். மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தமிழ்க் கூழாக்கிவிடும். மேற்கோள் குறிகள், ஸ்ரீ, க்ஷ போன்றவற்றையும் மாற்றியபின் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடுத்து, கண்ணை ஏமாற்றும் பிழைகள். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ தட்டச்சு செய்திருப்பார்கள். ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்போடு ‘ள’ சேர்த்து ‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ ஆக்கியிருப்பார்கள். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான ‘௭’ கிடக்கும். ஓர் எழுத்துருவில் இவை ஒன்றுபோலத் தெரியும். எழுத்துருவை மாற்றியதும் காட்டிக்கொடுத்துவிடும். ‘கெள’, ‘மெள’, ‘ஒள’, ‘௭’ ஆகியவற்றைத் தேடுங்கள். ‘கெளுத்தி’ போலச் சரியான சொல்லும் அகப்படும் என்பதால் மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

லேஅவுட் மென்பொருளான இன்டிசைனில் உரையை ஒட்டியதும் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய், புள்ளி வட்டங்கள் முளைத்தால் பயப்பட வேண்டாம். பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரைத் தேர்வு செய்யுங்கள். போட்டோஷாப்பில் இதே தேர்வு எழுத்துக்கான விருப்ப அமைப்புகளில் இருக்கிறது. அங்கே மாற்றிய பிறகும் பழைய உரைப் பெட்டி சரியாகாவிட்டால், பத்தி அமைப்பிலும் ஒருமுறை மாற்றுங்கள். இதை முதல் நாளே பத்திப் பாணியில் (பாராகிராஃப் ஸ்டைல்) சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ 93-ஆம் பக்கத்து அடிக்குறிப்பு மட்டும் உடைந்து கிடக்கும்.

4. பக்கத்தை அமைத்தல்

பக்க அளவு 140 × 215 மி.மீ. என்று கொடுங்கள். ஏ4 தாளில் நடுவே புத்தகப் பக்கத்தை வைத்து அனுப்பாதீர்கள். வெட்டும் அளவு எது என்று அச்சகத்தார் ஊகிக்க வேண்டிவரும்.

உள் ஓரத்துக்கு 20 மி.மீ., வெளி ஓரத்துக்கு 15 மி.மீ. போதும். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகுப் பக்கத்தைச் சீவிப் பசை போடுவார்கள். புத்தகமும் முழுதாக விரியாது. நான்கு ஓரமும் ஒரே அளவு வைத்தால் வாசகர் வரியின் தொடக்கத்தைப் பள்ளத்தில் தேடவேண்டியிருக்கும்.

ஓரம்வரை போகும் படமோ சாம்பல் பட்டையோ இருந்தால், வெட்டுக் கோட்டைத் தாண்டி 3 மி.மீ. நீட்டுங்கள். இதுதான் ப்ளீட். கட்டிங் இயந்திரம் ஒரே நேரத்தில் கட்டுக்கட்டாக வெட்டுகிறது, அடுக்கில் மேலே உள்ள தாளுக்கும் கீழே உள்ளதற்கும் சிறு விலகல் வரும். படம் சரியாக வெட்டுக் கோட்டோடு நின்றால், சில பிரதிகளில் வெள்ளைக் கீற்று தெரியும். அதே காரணத்தால், பக்க எண்ணும் எழுத்தும் வெட்டுக் கோட்டிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும்.

முதல் பக்கம் எப்போதும் வலப்பக்கம், ஒற்றைப்படை எண்கள் எல்லாம் வலப்பக்கம். காலியாக விட வேண்டிய பக்கத்தைக் கோப்பிலும் காலிப் பக்கமாகவே வையுங்கள். "இங்கே ஒரு காலிப் பக்கம் சேர்த்துக்கொள்ளவும்" என்று வாட்ஸப்பில் எழுதிய குறிப்பு பிளேட் போடுபவரைப் போய்ச் சேராது.

5. பக்க எண்ணிக்கையை ஃபாரத்தோடு பொருத்துங்கள்

18 × 23 அங்குலத் தாளின் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் டெமி 1/8 அளவில் 16 பக்கம் கிடைக்கும். அதுவே ஒரு ஃபாரம். 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து ஃபாரம்.

163 பக்கம் வந்தால் என்ன ஆகும்? மூன்று பக்கத்துக்காகத் தனிப் பிளேட், தனி ஓட்டம், தனி மடிப்பு. முன்னுரையின் எழுத்தளவை அரைப் புள்ளி குறைத்தோ, கதைத் தலைப்புகளுக்கு மேலே விட்ட இடத்தைச் சுருக்கியோ 160-க்குள் கொண்டுவந்துவிடலாம். முடியாவிட்டால் 168-க்குப் போங்கள், அரை ஃபாரமாவது முழுதாகப் பயன்படும். 161 பக்கத்தோடு கோப்பை அனுப்பிவிட்டு, "ஒரு பக்கம்தானே" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

பக்கங்களை ஃபாரத்துக்கு ஏற்றபடி மாற்றி அடுக்குவது அச்சகத்தின் வேலை. நீங்கள் 1, 2, 3 என்று ஒற்றைப் பக்கங்களாக வரிசையில் அனுப்பினால் போதும். இரண்டு பக்கங்களை ஒட்டி எதிரெதிர்ப் பக்கமாக அனுப்பினால், அதைப் பிரிப்பதுதான் அவர்களின் முதல் வேலையாகிவிடும்.

6. படங்கள்

அச்சில் வரும் அளவில் 300 பி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வேண்டும். ‘அச்சில் வரும் அளவில்’ என்ற சொற்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 300 பி.பி.ஐ. படத்தை லேஅவுட்டில் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் அது 150 ஆகிவிடும்.

கணக்கு எளிது. பிக்சல் எண்ணிக்கையை 300-ஆல் வகுத்தால் அங்குலம் கிடைக்கும். 1600 பிக்சல் நீளமுள்ள படம் சுமார் 5.3 அங்குலம்வரை தாங்கும். நம் ரேப்பரின் உயரம் எட்டரை அங்குலம். அதற்கு ப்ளீட்டோடு 2600 பிக்சலுக்கு மேல் வேண்டும். போட்டோஷாப்பில் 72 என்ற எண்ணை அழித்து 300 என்று எழுதினால் படம் தெளிவாகிவிடும் என்று நினைப்பது, பாலில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பால் கூடிவிட்டது என்பதைப் போன்றது.

படங்களை வாட்ஸப்பில் படமாக வாங்காமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸப் அதைச் சுருக்கிவிடும். வேர்ட் கோப்பில் ஒட்டித் தரும் படமும் ஏற்கெனவே சுருங்கியதாக இருக்கலாம். மூலப் படத்தைத் தனியே கேளுங்கள். கோட்டோவியங்களை 1200 பி.பி.ஐ.யில், சாம்பல் கலக்காத வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தால் கோடு கூர்மையாக வரும்.

உள்பக்கத்தில் வரும் புகைப்படத்தைக் கிரேஸ்கேலுக்கு (நிறமில்லாத சாம்பல் சாயல்களுக்கு) மாற்றியபின் கொஞ்சம் வெளுப்பாக்குங்கள். மேப்லித்தோ பேப்பர் மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும். திரையில் அழகாகத் தெரியும் நடுத்தரச் சாம்பல் அச்சில் இருண்டுவிடும். அஞ்சலிக் கட்டுரையோடு வரும் பழைய புகைப்படங்களில் முகம் கரிபூசியதுபோல வருவது இதனால்தான்.

7. ரேப்பரும் முதுகும்

முன் அட்டை, முதுகு, பின் அட்டை மூன்றும் ஒரே விரிப்பாக ஒரே கோப்பில் இருக்க வேண்டும். விரித்துப் பார்க்கும்போது பின் அட்டை இடப்பக்கம், முன் அட்டை வலப்பக்கம். மூன்றையும் தனித்தனிக் கோப்பாக அனுப்பினால் முதுகைத் தாண்டும் நிறம் இணையுமிடத்தில் பொருந்தாது.

முதுகை அளக்க நான் நம்பும் வழி: அச்சகத்திடம் அதே பேப்பரில் நூறு தாள் வாங்கி, அழுத்திப் பிடித்து அளப்பது. நூறு தாள் 9.5 மி.மீ. என்றால் ஒரு தாள் 0.095. நம் புத்தகத்தில் 160 பக்கம், அதாவது 80 தாள். 80 × 0.095 = 7.6 மி.மீ. பக்க எண்ணிக்கையைத் தாள் எண்ணிக்கை என்று எண்ணி இரண்டு மடங்கு முதுகு வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஜி.எஸ்.எம். ஒன்றாக இருந்தாலும் ஆலைக்கு ஆலை தடிமன் மாறும். பழைய புத்தகத்தின் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள்.

இனி ரேப்பரின் அளவு: 140 + 7.6 + 140 = 287.6. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் சேர்த்தால் 293.6 × 221 மி.மீ.

முதுகில் தலைப்பை மேலிருந்து கீழாகப் படிக்கும்படி வையுங்கள். புத்தகத்தை முன் அட்டை தெரிய மேசையில் வைத்தால் தலைப்பு நேராகத் தெரியும். எழுத்துக்கு இருபுறமும் ஒன்றரை மி.மீ. விட வேண்டும், ஏனென்றால் மடிப்பு நூலளவாவது நகரும். முதுகு 5 மி.மீ.க்குக் குறைந்தால் எழுத்தே வேண்டாம். முதுகுக்குத் தனி நிறம் கொடுத்து இருபுறமும் கூர்மையான கோட்டோடு நிறுத்துவதையும் தவிர்க்கலாம். மடிப்பு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட முன் அட்டையில் அந்த நிறம் எட்டிப் பார்க்கும்.

ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) இருந்தால் பார்கோடை வெள்ளைப் பின்னணியில், கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். அதன் இயல்பான அளவு, சுற்றியுள்ள வெற்றிடத்தோடு சேர்த்து, சுமார் 37 × 26 மி.மீ. அதில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. இணையத்திலிருந்து எடுத்த மங்கலான படத்தைவிட, வெக்டர் வடிவில் (பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவில்) உருவாக்கிய பார்கோடே கடையில் ஒழுங்காக ஸ்கேன் ஆகும்.

8. நிறம்

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவையான ஆர்.ஜி.பி.யில் பளிச்சென்று மின்னும் பச்சையும் ஆரஞ்சும் நான்கு மையில் பிறக்கவே பிறக்காது. எனவே ரேப்பரைத் தொடக்கத்திலேயே சி.எம்.ஒய்.கே.யில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில்) வரையுங்கள். கடைசியில் மாற்றினால் ஏமாற்றம் உங்களுக்குத்தான். நீல நிறத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. சயானுக்கும் மெஜந்தாவுக்கும் இடையே 30 சதவீதமாவது வேறுபாடு இல்லாவிட்டால் நீலம் கத்தரிப்பூ நிறமாக வந்து நிற்கும்.

மொத்த மையின் அளவையும் பாருங்கள். நான்கு நிறத்தின் சதவீதங்களைக் கூட்டினால் ஆர்ட் போர்டில் 300-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். தாண்டினால் மை காயாது, மேலே அடுக்கிய தாளின் பின்புறத்தில் ஒட்டும்.

கறுப்பில் நான்கு வகைக் குழப்பம் உண்டு. சிறிய எழுத்துகளுக்குக் கே 100 (கறுப்பு மை 100 சதவீதம்) மட்டும். மற்ற மூன்று நிறமும் கலந்தால், பிளேட்டுகள் நூலிழை விலகினாலே எழுத்தின் ஓரத்தில் நிறநிழல் தெரியும். தமிழ் எழுத்தின் சுழிகளுக்குள் அது அடைத்துக்கொண்டு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும். ரேப்பரின் பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்ற கலவை பொருந்தும். கே 100 மட்டும் கொடுத்தால் அந்தப் பரப்பு சாம்பல் பூத்த கறுப்பாகத் தெரியும். மூன்றாவது, ஆர்.ஜி.பி. கறுப்பைத் தானாக மாற்றினால் வருவது. போட்டோஷாப்பின் அமெரிக்க அமைப்பில் அது ஏறக்குறைய 75, 68, 67, 90 என்று நான்கு நிறமாகச் சிதறும். நான்காவது, நிறப் பட்டியலில் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று இருப்பது. கறுப்புபோலவே தெரியும், ஆனால் எல்லாப் பிளேட்டிலும் 100 சதவீதம் விழும். அது வெட்டுக் குறிகளுக்கானது, எழுத்துக்குத் தொடவே கூடாது.

வேர்டிலிருந்து நேராக எடுத்த பி.டி.எஃப்.பில் உள்பக்க எழுத்துகள்கூட ஆர்.ஜி.பி.யாக இருக்கும். ஒற்றை நிறப் புத்தகத்தில் அதைக் கிரேஸ்கேலுக்கு மாற்றாமல் அனுப்பாதீர்கள்.

9. ஓவர்பிரிண்ட்: வெள்ளை எழுத்து காணாமல்போகும் கதை

இந்தப் படியை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் பிழைதான். ஒரு கவிதைத் தொகுப்புக்கு அடர்சிவப்பு ரேப்பர், வெள்ளையில் கவிஞரின் பெயர். முதலில் பெயரைக் கறுப்பில் வைத்து, ஓவர்பிரிண்ட் கொடுத்திருந்தேன். பிறகு வெள்ளையாக மாற்றினேன், ஓவர்பிரிண்டை எடுக்க மறந்தேன். திரையில் பெயர் தெரிந்தது. 500 ரேப்பர் அச்சாகி வந்தபோது தலைப்பு இருந்தது, பெயர் இல்லை. கவிஞர் நல்லவர், சிரித்தார். மறு அச்சின் செலவு என் கையிலிருந்து போனது.

காரணம் இதுதான். ஓவர்பிரிண்ட் என்றால் அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடு என்று பொருள். கறுப்பு எழுத்துக்கு அது நல்லது, பிளேட் விலகினாலும் வெள்ளைக் கீற்று வராது. வெள்ளைக்கோ மை கிடையாது. அடியில் உள்ள சிவப்பை வெட்டினால்தான் வெள்ளை பிறக்கும்.

எனவே ‘ஓவர்பிரிண்ட் ப்ரீவியூ’வைப் போட்டுப் பார்க்காமல் எந்த ரேப்பரையும் அனுப்பாதீர்கள். தங்க ஃபாயிலோ ஸ்பாட் யு.வி.யோ (சில இடங்களில் மட்டும் போடும் பளபளப்புப் பூச்சு) உண்டென்றால் அது தனி நிறமாக (ஸ்பாட் கலர்), தனி அடுக்கில், வெக்டராக, 100 சதவீதமாக இருக்கட்டும். அதற்கு மட்டும் ஓவர்பிரிண்ட் வேண்டும், இல்லாவிட்டால் அடியில் படம் ஓட்டையாகிவிடும்.

10. பி.டி.எஃப். எடுத்தல்

உள்பக்கங்கள் ஒரு கோப்பு, ரேப்பர் ஒரு கோப்பு. இரண்டின் பேப்பரும் நிறமும் வேறு என்பதால் இரண்டுக்கும் தனித்தனிப் பிளேட்.

அச்சகம் எதுவும் சொல்லாவிட்டால் பி.டி.எஃப்./எக்ஸ்-1ஏ பாதுகாப்பானது. நிறம் அனைத்தும் சி.எம்.ஒய்.கே., கிரே அல்லது தனி நிறமாக இருக்கும், எழுத்துரு உள்ளே பதிந்திருக்கும், நிழலும் ஒளிபுகும் படங்களும் தட்டையாகிவிடும். புதிய கருவிகள் உள்ள அச்சகம் எக்ஸ்-4 கேட்கலாம். ப்ளீட் 3 மி.மீ., வெட்டுக் குறிகள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டு பெட்டியையும் டிக் செய்ய மறப்பதால், லேஅவுட்டில் ப்ளீட் இருந்தும் பி.டி.எஃப்.பில் இல்லாமல் போகிறது.

கோரல்டிராவில் வேலை செய்பவர்கள் ரேப்பர் எழுத்துகளை ‘கர்வ்’ ஆக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி அனுப்புவது வழக்கம். ரேப்பருக்குச் சரி. 160 உள்பக்கத்தையும் கர்வ் ஆக்காதீர்கள். கோப்பு வீங்கும், கடைசி நேரத்தில் ஓர் ஒற்றைக்கூடச் சேர்க்க முடியாது. கர்வ் ஆக்குவதற்கு முன் மூலக் கோப்பை வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். சேமிக்காமல் மாற்றி, அடுத்த நாள் முழு அட்டையையும் மறுபடி தட்டச்சு செய்தவர்களின் சங்கம் வைத்தால் கூட்டம் அரங்கு கொள்ளாது.

கேன்வாவில் செய்தால் பிரிண்ட் வகை பி.டி.எஃப்., வெட்டுக் குறி, ப்ளீட் மூன்றையும் தேர்ந்தெடுங்கள். சி.எம்.ஒய்.கே. கட்டணக் கணக்கில்தான் கிடைக்கும். இலவச மென்பொருளில் ஸ்கிரைபஸ் இந்த வேலைக்குப் போதுமானது.

11. அனுப்பும் முன் சோதனை

லேஅவுட் செய்த கணினியில் சோதிக்காதீர்கள். அதில் எழுத்துரு நிறுவியிருப்பதால் பதியாத எழுத்துருவும் சரியாகத் தெரியும். அந்தத் தமிழ் எழுத்துருவே இல்லாத இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். ஆவணத்தின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொன்றின் அருகிலும் பதிந்திருக்கிறது என்ற குறிப்பு இருக்க வேண்டும்.

அக்ரோபேட் புரோ இருந்தால் ‘அவுட்புட் ப்ரீவியூ’வில் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் அணைத்துவிட்டுக் கறுப்பை மட்டும் விடுங்கள். உள்பக்கங்களில் எதுவும் மறையக் கூடாது. பிறகு கறுப்பை மட்டும் அணையுங்கள். எந்த எழுத்தாவது மிச்சமிருந்தால் அது நான்கு நிறக் கறுப்பு.

இதற்குப் பின், பி.டி.எஃப்.பை உண்மையான அளவில் தாளில் அச்செடுத்து மடித்து ஒரு டம்மி (மாதிரிப் புத்தகம்) செய்யுங்கள். பக்கத் தலைப்பில் வேறு கதையின் பெயர் இருப்பதும், பொருளடக்க எண் தவறியிருப்பதும் திரையில் கண்ணில் படாது, கையில் புரட்டும்போதுதான் படும். தமிழ் உரையைப் பி.டி.எஃப்.பில் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்றும் நம்ப வேண்டாம். கொம்புகள் இடம் மாறிப் பதிந்திருப்பதால் இருக்கும் சொல்லையே இல்லை என்று சொல்லும்.

12. அனுப்புதல்

கோப்பின் பெயரில் நூலின் பெயர், பகுதி, அளவு, தேதி நான்கும் இருக்கட்டும். பெயரை ஆங்கில எழுத்திலேயே, இடைவெளி இல்லாமல் வையுங்கள். சில பழைய கருவிகள் தமிழ்ப் பெயரைக் கண்டால் கோப்பைத் திறக்காது. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதியது’, ‘இதுதான் ஃபைனல்’ என்று மூன்று அனுப்பினால் எது பிளேட்டுக்குப் போகும் என்பது அன்றைய இராசிபலனைப் பொறுத்தது. திருத்தம் வந்தால் பழைய கோப்பை டிரைவிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதைத் தொலைபேசியிலும் சொல்லுங்கள்.

கோப்போடு ஒரு குறிப்புத் தாள்: அளவு, மொத்தப் பக்கம், பேப்பர், ரேப்பர் போர்டு, லேமினேஷன், பைண்டிங், பிரதிகள், முதுகின் தடிமன். முதல் படியில் வாங்கிய தாளைத்தான் இங்கே திருப்பி அனுப்புகிறீர்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அச்சகத்தாரே அழைத்துக் கேட்பார்.

13. ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்திடுதல்

அச்சகம் அனுப்புவது ஃபாரமாக அடுக்கிய ப்ரூஃப் (சரிபார்ப்பதற்கான மாதிரி அச்சு). இங்கே கதையைப் படிக்காதீர்கள். பக்க வரிசை, காலிப் பக்கங்கள், எழுத்து உடையாமல் இருப்பது, படங்கள் இடம் மாறாதது ஆகியவற்றை மட்டும் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் தமிழ் சரியாக இருந்தால் எல்லாப் பக்கத்திலும் சரியாக இருக்கும் என்று எண்ணாமல் தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்குறிப்பு மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முதல் இரண்டும் பெரும்பாலும் வேறு எழுத்துருக் கோப்புகள், அடிக்குறிப்புக்குப் பத்திப் பாணி வேறு.

லேசர் பிரிண்டில் வரும் ரேப்பர் ப்ரூஃபின் நிறத்தை வைத்துச் சண்டை போட முடியாது. அது இயந்திரத்தின் நிறம் இல்லை. நிறம் முக்கியமென்றால், ரேப்பர் ஓடும் அன்று அச்சகத்துக்குப் போய் முதல் சில தாள்களைப் பாருங்கள். மேட் லேமினேஷன் போட்டால் நிறம் சற்று மங்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்திட்ட பிறகு வரும் பிழை உங்களுடையது, அதற்கு முன் வருவதைப் பேசித் தீர்க்கலாம். அதனால் அவசரப்படுத்தினாலும் ஓர் இரவு அவகாசம் கேளுங்கள்.

14. மூலக் கோப்புகளைச் சேர்த்துவைத்தல்

புத்தகம் வந்ததும் லேஅவுட் கோப்பு, படங்கள், எழுத்துருக்கள், அனுப்பிய பி.டி.எஃப்., குறிப்புத் தாள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். எழுத்துருவைச் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். மூன்று ஆண்டு கழித்து அதே பெயரில் வேறு பதிப்பு எழுத்துருவை நிறுவினால் வரிகள் ஓடிப் பக்கம் மாறும்.

அச்சான பிரதி ஒன்றில் கண்ட பிழைகளைப் பென்சிலால் குறித்து அதையும் பத்திரப்படுத்துங்கள். மறுபதிப்பின்போது அந்தத் திருத்தங்களைச் செய்துவிட்டு, பேப்பர் அதேதானா என்று அச்சகத்தாரிடம் கேளுங்கள். மாறியிருந்தால் நூறு தாள் வாங்கி 7-ஆம் படியிலிருந்து ரேப்பரைத் திரும்பச் செய்யுங்கள்.